பத்து ரூபாய் மனுவும் வங்கிக் கோப்பும்

செஞ்சிக்கு வெளியூர்க்காரர்கள் கோட்டை பார்க்க வருகிறார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்தார் வருவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும் வங்கிக்கும். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதால் முதல் கூட்டம் பெருகலாம். இரண்டாவது கூட்டத்துக்கு அந்த ஆண்டு வேறு கவலை. நெல்லோ மணிலாவோ போடுவதற்கு நகையை வங்கியில் வைப்பார்கள். தவணை முடியும்போது வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்பார்கள். பல காலமாக நடந்துவந்த இந்த ஏற்பாடு திடீரென்று நின்றது. அசலையும் முழுதாகக் கட்டி நகையை மீட்டு, அதன் பிறகுதான் மறுபடி வைக்கலாம் என்றார்கள். அசலைப் புரட்ட ஒரு நாள் கந்துவட்டிக்குப் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் கிளையில் கிடைத்த பதில் ஒன்றுதான்: மேலே இருந்து சர்குலர் வந்திருக்கிறது.

அந்த 'மேலே' எது என்பதைச் சொல்வது கடினமல்ல. 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி, நகைக்கடன் வழங்குவதில் பல முறைகேடுகளைத் தன் ஆய்வில் கண்டதாகச் சொல்லி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம் நடைமுறைகளைச் சரிசெய்துகொள்ளச் சுற்றறிக்கை அனுப்பியது. 2025 ஏப்ரல் 9 அன்று வரைவு விதிகள் வந்தன. நகை தன்னுடையதுதான் என்பதற்குச் சான்று, மதிப்பில் 75 சதவீதத்துக்குமேல் கடன் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் அதில் இருந்தன. பாட்டியின் அட்டிகைக்கு யாரிடம் ரசீது வாங்குவது? தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது; முதல்வர் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மே மாத இறுதியில் 2 லட்சம் ரூபாய்க்குட்பட்ட சிறு கடன்களுக்கு விலக்குத் தரலாம் என்று நிதியமைச்சகம் ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரைத்தது. ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகள் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்குமேல் 75 என்று தளர்ந்திருந்தன. 2026 ஏப்ரல் 1-க்குள் அமலாக்க வேண்டும் என்பது கெடு.

இரண்டே மாதத்தில் ஒரு கொள்கை இவ்வளவு வளைந்துகொடுத்தது என்றால், முதல் வரைவு எந்தக் கணக்கை வைத்து எழுதப்பட்டது என்ற கேள்வி எழுகிறது. முறைகேடு கண்டது எந்த வகை நிறுவனங்களில்? பொதுத்துறை வங்கிகளின் வேளாண் நகைக்கடனிலா, தனியார் நகைக்கடன் கம்பெனிகளிலா? சிறு கடனாளியின்மேல் விழும் சுமையை யாராவது கணக்கிட்டார்களா? இவையெல்லாம் எங்கோ ஒரு கோப்பில் எழுத்தாக இருக்கும், அல்லது எழுதப்படாமலே விடப்பட்டிருக்கும். எழுதப்படவில்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு தகவல்தான்.

அந்தக் கோப்பைக் கேட்க வழிசெய்யும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1997-இல், மாநில அளவில் இப்படியொரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தது. விதிவிலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்ததால் அது பெயருக்கு நின்றது. மத்தியச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் பலரும் படிப்பதில்லை. முக்கியக் கொள்கை வகுக்கும்போது அது தொடர்பான விவரங்களை அரசு அமைப்பு தானாகவே வெளியிட வேண்டும். தன் நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று அது கூறுகிறது. இந்தப் பிரிவை நிதித்துறை மனதார மதித்திருந்தால் வங்கிகளுக்கு மனு போட வேண்டிய தேவையே பாதி குறைந்திருக்கும்.

இந்த இருபது ஆண்டுகளில் வங்கித்துறையை நோக்கிப் போன மனுக்களைத் திரும்பிப் பார்த்தால் மூன்று வகை தெரிகிறது. யார் எவ்வளவு பாக்கி என்று பெயர் கேட்டவை ஒன்று. எத்தனை கோடி என்று தொகை கேட்டவை இன்னொன்று. முடிவெடுத்த அன்று யார் என்ன எழுதினார்கள் என்று கேட்டவை மூன்றாவது. முதல் வகைதான் அதிகச் சத்தம் போட்டது, நீதிமன்றத்தில் அதிக ஆண்டுகளைத் தின்றது. அரசின் வங்கிக் கொள்கையை உண்மையில் வெளிச்சத்துக்கு இழுத்தது மூன்றாவது வகை என்பது என் கணிப்பு.

பெயர் கேட்ட கதை குஜராத்தில் தொடங்குகிறது. ஜெயந்திலால் மிஸ்திரி என்பவர் மகர்புரா தொழிற்பேட்டைக் கூட்டுறவு வங்கியைப் பற்றிய ஆய்வு விவரங்களை ரிசர்வ் வங்கியிடம் கேட்டார். மறுப்பு வந்தது. வங்கிகள் நம்பிக்கையின் பேரில் தங்களிடம் தந்த தகவல், வெளியே சொல்ல முடியாது என்பது ரிசர்வ் வங்கியின் வாதம். சட்டத்தின் 8(1)(e) பிரிவு இதற்குக் கைகொடுத்தது. நாட்டின் பொருளாதார நலன் என்ற 8(1)(a) பிரிவும் துணைக்கு வந்தது. மத்திய தகவல் ஆணையத்தில் சைலேஷ் காந்தி ஆணையராக இருந்தபோது இதுபோன்ற பல மனுக்களில் தகவல் தரும்படி உத்தரவிட்டார். ரிசர்வ் வங்கி நீதிமன்றம் போனது. 2015 டிசம்பர் 16 அன்று நீதிபதிகள் எம்.ஒய். இக்பால், சி. நாகப்பன் அமர்வு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தது. வங்கிகள் சட்டப்படி தந்தே ஆக வேண்டிய அறிக்கையில் நம்பிக்கை உறவுக்கு இடமில்லை. ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்களுக்கு, தனித்தனி வங்கிகளின் மானத்தைக் காப்பதற்கல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வந்த பிறகும் கதவு திறக்கவில்லை. 2016 நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் வெளியீட்டுக் கொள்கை ஒன்றை அறிவித்து, நீதிமன்றம் திறக்கச் சொன்னவற்றில் பெரும்பகுதியை மறுபடி பூட்டியது. கிரிஷ் மிட்டல் என்பவர் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டார். 2019 ஏப்ரல் 26 அன்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு, அந்தக் கொள்கையைத் திரும்பப்பெற ரிசர்வ் வங்கிக்குக் கடைசி வாய்ப்புத் தந்தது. நாட்டின் தலைமை வங்கிக்கு 'கடைசி வாய்ப்பு' கொடுக்க நேர்ந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதன் பின் 2019 நவம்பரில் வேண்டுமென்றே கடன் கட்டாத 30 பெரிய நிறுவனங்களின் பட்டியல் தகவல் உரிமை வழியாக வெளியானது. 2020 ஏப்ரலில் 50 பெயர்கள், அவர்கள் பாக்கி 68,607 கோடி ரூபாய்.

இப்போது வங்கிகளே களத்தில் இறங்கின. 2015 தீர்ப்பைத் திரும்பப்பெறக் கோரிய மனுவை 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் 2022 செப்டம்பர் 30 அன்று நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு, எச்டிஎஃப்சி உள்ளிட்ட வங்கிகளின் ரிட் மனுக்களை விசாரிக்கலாம் என்றது. 2015-க்குப் பிறகு, 2017-இல் புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமையாகிவிட்டது. பழைய தீர்ப்பு அந்த உரிமையைத் தகவல் உரிமையோடு வைத்து எடைபோடவில்லை என்பது காரணம். முடிந்ததென்று நினைத்த விவாதம் மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்தது.

இதற்கிடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கடன் கட்டாதோர் பட்டியலை வங்கிகளும் ரிசர்வ் வங்கியும் மூடி மூடி வைத்தபோது, அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் தானே பட்டியல்களை வெளியிட்டது. சென்னையைச் சேர்ந்த அதன் பொதுச் செயலாளர் சி.எச். வெங்கடாசலம் 2020 ஜூலையில் 2,426 கணக்குகளின் பட்டியலை வெளியிட்டார். பட்டியல் வெளியானதால் எந்த வங்கி வாசலிலும் பணம் எடுக்கக் கூட்டம் கூடவில்லை.

கூட்டம் கூடும் என்பதுதான் ரகசியத்துக்கு ஆதரவான வாதத்தில் வலுவானது. அதை எள்ளி ஒதுக்கிவிட முடியாது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1907-இன் இந்தியன் வங்கி. செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தின் முன்னோடி வங்கி இன்று அதுவே. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிமுன் நின்ற வரிசையை உலகமே பார்த்தது. பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டம்கூட, இங்கிலாந்து வங்கியின் நாணயக் கொள்கைப் பணியையும், நிதி நிலைத்தன்மைக்காக நிறுவனங்களுக்குத் தரும் உதவியையும் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2008 நெருக்கடியின்போது மத்திய வங்கியிடம் கடன் வாங்கியவர்கள் யார் என்று புளூம்பெர்க் செய்தி நிறுவனம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2011 மார்ச்சில்தான் 29,000 பக்கங்களுக்குமேல் வெளிவந்தன. அதற்குள் ஆபத்துக் காலம் கடந்திருந்தது, பீதி எழவில்லை. இதிலிருந்து ஒரு நியாயமான வழி புலப்படுகிறது: ஒரு வங்கி தடுமாறும் அந்த வாரத்தில் அதன் ஆய்வறிக்கையைக் கொடு என்பது வேறு, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பின் கொடு என்பது வேறு. நம் சட்டத்தில் இந்தக் கால வேறுபாடு எழுதப்படவில்லை. ரிசர்வ் வங்கி இரண்டுக்கும் ஒரே பதிலைத் தருகிறது.

அந்த ஒரே பதிலின் விலையைக் கரூர் அறியும். 1926-இல் அங்கே தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கைக்கு உட்பட்டுவிட்டது. 2020 நவம்பர் 17 அன்று பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டது. பத்தே நாளில், நவம்பர் 27-இல், வங்கி சிங்கப்பூரின் டிபிஎஸ் குழுமத்து இந்திய வங்கியோடு இணைந்தது. போட்ட பணம் பிழைத்தது. பங்குகளின் மதிப்பு பூஜ்யமானது. தலைமுறையாக அந்தப் பங்குகளை வைத்திருந்த சிறு முதலீட்டாளர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆய்வு அறிக்கைகள் உரிய காலத்தில் வெளிவந்திருந்தால் அவர்களில் சிலராவது முன்பே விற்றுவிட்டு விலகியிருப்பார்கள். அப்படி விற்பதைத்தான் பீதி என்கிறது ரிசர்வ் வங்கி. விற்றவருக்கு அது முன்னெச்சரிக்கை.

தொகை கேட்ட மனுக்கள் இன்னும் எளிதாகப் பதில் பெற்றன. பதிலைப் படிப்பதுதான் பிரச்சினை. பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் முதல் 2018 ஜனவரி வரை, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று 41.16 லட்சம் சேமிப்புக் கணக்குகளை மூடியது என்பது மத்தியப் பிரதேசம் நீமச்சைச் சேர்ந்த சந்திரசேகர் கௌட் போட்ட மனுவில் தெரியவந்தது. இது சுத்தமான தகவல்; கொள்கையின் விளைவை நேராகக் காட்டியது. 2020 மார்ச்சில் அந்த வங்கி குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையையே கைவிட்டது. ஒரு மனுவால் மட்டும் அது நடந்ததாகச் சொல்ல முடியாது என்றாலும், கைவிடும்படி கேட்டவர்களுக்கு ஓர் எண் கிடைத்திருந்தது.

வாராக்கடன் எண்கள் அவ்வளவு தெளிவானவை அல்ல. 2022 மார்ச்சில் முடிந்த ஐந்து ஆண்டுகளில் வங்கிகள் 10 லட்சம் கோடி ரூபாய்க்குமேல் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கின என்றும், அதில் மீட்டது சுமார் 1.32 லட்சம் கோடி என்றும் ரிசர்வ் வங்கி தந்த தகவல் உரிமைப் பதிலைக் கொண்டு இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. அரசியல் மேடைகளில் இது 'பெருமுதலாளிகளுக்குக் கடனை விட்டுக்கொடுத்தார்கள்' என்று ஒலித்தது. கணக்கிலிருந்து நீக்கிய பின்னும் வசூல் உரிமை வங்கிக்கு இருக்கிறது, கடன்காரர் விடுபடுவதில்லை என்று அரசு பதில் சொன்னது. அரசு சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அந்த 13 சதவீத மீட்பு விகிதத்தைப் பார்த்த பிறகு, சட்டப்படி சரி என்பது எவ்வளவு தூரம் ஆறுதல் தரும்? இரு தரப்பும் பேசாமல் விட்டது, நீக்கும் முடிவை எந்தக் குழு, எந்த அளவுகோலில் எடுத்தது என்பதை.

2023 ஜூனில் இன்னொன்று. நோட்டு அச்சகங்கள் தந்த தகவல் உரிமைப் பதில்களைக் கூட்டிப் பார்த்து, 88,032 கோடி ரூபாய் மதிப்புள்ள 500 ரூபாய் நோட்டுகள் காணவில்லை என்று செய்தி பரவியது. அச்சகங்களின் விவரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த கணக்கு அது என்று ரிசர்வ் வங்கி விளக்கம் தந்தது. எண்ணை மட்டும் கேட்டு, அது எந்தக் காலத்துக்கு, எந்த வரையறையில் எடுத்த எண் என்பதைக் கேட்காமல் விட்டால் நேர்வது இதுதான்.

மூன்றாவது வகைக்கு வருவோம். 2016 நவம்பர் 8 மாலை 5.30 மணிக்கு டெல்லியில் ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் குழு கூடியது. அதன் 561-ஆம் கூட்டம். இரவு எட்டு மணிக்குப் பிரதமர் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார். அந்த மாலைக் கூட்டத்தில் என்ன பேசினார்கள்? காமன்வெல்த் மனித உரிமைகள் முனைப்பு அமைப்பைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக் கூட்டக் குறிப்பைக் கேட்டுப் பெற்று 2019 மார்ச்சில் வெளியிட்டார். கறுப்புப் பணத்தின் பெரும்பகுதி ரொக்கமாக அல்ல, தங்கமாகவும் நிலமாகவும்தான் இருக்கிறது. 400 கோடி ரூபாய்க் கள்ளநோட்டு என்பது மொத்தப் புழக்கத்தில் பெரிய பங்கல்ல. அந்த ஆண்டின் வளர்ச்சி பாதிக்கப்படும் என்றெல்லாம் குறித்துவிட்டு, அதே குழு அரசின் யோசனைக்கு ஒப்புதல் தந்திருந்தது. பிறகு நடந்ததை ரிசர்வ் வங்கியின் 2018 ஆண்டறிக்கை சொல்கிறது: 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிக்கே திரும்பிவிட்டது. 2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் நடவடிக்கையைச் சரியென்றது. ரிசர்வ் வங்கி சுயமாகச் சிந்தித்து முடிவெடுக்கவில்லை என்று எழுதிய நீதிபதி நாகரத்னாவின் மாறுபட்ட தீர்ப்பைப் படிக்கும்போது அந்த மாலைக் குறிப்பு நினைவுக்கு வராமல் போகாது.

பெயர் தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தின் கதை இன்னும் கூர்மையானது. 2017 ஜனவரி 30 அன்று ரிசர்வ் வங்கி இந்தத் திட்டத்துக்காகத் தன் சட்டத்தின் 31-ஆம் பிரிவைத் திருத்துவதை எதிர்த்து நிதியமைச்சகத்துக்கு எழுதியது. யாருடையது என்று தெரியாமல் கைமாறும் பத்திரம் பணத்தாள்மேல் உள்ள நம்பிக்கையைக் குலைக்கும் என்பது அதன் கவலை. அன்றைய வருவாய்ச் செயலாளர் அந்த ஆலோசனை தாமதமாக வந்துவிட்டது, நிதி மசோதா அச்சாகிவிட்டது என்று குறிப்பெழுதினார். இந்தக் கடிதங்களைத் தகவல் உரிமை ஆர்வலர் லோகேஷ் பத்ரா போன்றோர் மனுப் போட்டுப் பெற்றார்கள்; அவை 2019 நவம்பரில் பத்திரிகையில் வந்தன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்தபோது ரிசர்வ் வங்கியின் எதிர்ப்பு தீர்ப்பிலும் இடம்பெற்றது. கடன்காரர் பெயர் ஒன்றுகூட இல்லாத சில பக்கங்கள்தாம் இவை. ஆனால் தன்னாட்சி உள்ளதாகச் சொல்லப்படும் ஒரு வங்கிக்கும் அரசுக்கும் நடுவே உள்ள உறவு என்ன என்பதை எந்தக் கடன்காரர் பட்டியலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. குறை ஒன்று உண்டு: கூட்டக் குறிப்பு, கடிதங்கள் இரண்டும் காரியம் முடிந்த பிறகே கைக்கு வந்தன.

இனி, செஞ்சியிலிருந்து மனு எழுதுகிறவர் என்ன செய்யலாம்? 'ஏன் இந்த விதி கொண்டுவந்தீர்கள்' என்று எழுதினால் மறுப்பு நிச்சயம். 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், கையில் உள்ள ஆவணத்தைத் தந்தால் போதும், புதிதாகக் காரணமோ கருத்தோ எழுதித்தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே ஆவணத்தைக் கேட்க வேண்டும்: 2025 ஏப்ரல் வரைவுக்கு அடிப்படையான அலுவலகக் குறிப்புகளின் நகல், வரைவுக்கு வந்த கருத்துகளின் தொகுப்பு, நிதியமைச்சகத்தின் பரிந்துரைக் கடிதம், மாவட்ட அளவிலான வங்கியாளர் கூட்டக் குறிப்பில் நகைக்கடன் பற்றிய பகுதி. கடைசியாகச் சொன்னது விழுப்புரத்திலேயே முன்னோடி வங்கி அலுவலகத்தில் கிடைக்கக்கூடியது. ரிசர்வ் வங்கிக்கும் பொதுத்துறை வங்கிக்கும் பத்து ரூபாய் அஞ்சல் ஆணை. மாநில அரசு அலுவலகத்துக்கு அதே பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை. முப்பது நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால், ரிசர்வ் வங்கிக்கும் பொதுத்துறை வங்கிக்கும் போட்ட மனுவுக்கு, தொண்ணூறு நாளுக்குள் டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம். விசாரணைக்கு டெல்லி போக வேண்டியதில்லை, மாவட்டத் தலைநகரில் காணொலி வழியே பேசலாம்.

இந்த வழி எல்லா வாசலுக்கும் போகாது. செஞ்சி வட்டாரத்தில் சிறு விவசாயிக்கு முதல் வங்கி தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்தான். 2021 செப்டம்பரில் ஐந்து சவரன்வரை நகைக்கடன் தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் ஆராயப்பட்ட சுமார் 48.84 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்குமேல் தகுதியற்றவை என்று அரசு சொன்னது. என் பெயர் ஏன் இல்லை என்று சங்கத்தில் கேட்டவருக்குத் தகவல் உரிமை நேராக உதவாது. 2013 அக்டோபர் 7 அன்று கேரளத்தின் தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கி வழக்கில், கூட்டுறவுச் சங்கங்கள் இந்தச் சட்டத்தின்கீழ் பொது அமைப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே தீர்ப்பில் ஒரு சந்தும் இருக்கிறது: கூட்டுறவுப் பதிவாளர் பொது அமைப்பு, சங்கத்திடமிருந்து சட்டப்படி அவர் பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம். துணைப்பதிவாளர் அலுவலகம், கூட்டுறவுத் தணிக்கைத் துறை, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளை ஆய்வு செய்யும் நபார்டு என்று சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். தனியார் நகைக்கடன் கம்பெனிக்கும் இதே சுற்றுதான், ரிசர்வ் வங்கி வழியாக. ஏழைகள் அதிகமாகப் புழங்கும் கடன் வாசல்களே சட்டத்துக்கு அதிகத் தொலைவில் இருக்கின்றன. இதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறுவிதமாக எண்ணுகிறவர்களோடு சண்டையிட மாட்டேன்.

தொலைவு கூடிக்கொண்டும் போகிறது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவை மாற்றி எழுதியது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. முன்பு, தனிநபர் தகவலானாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற நிபந்தனை அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றால் தர வேண்டியதில்லை என்ற அளவில் நின்றுவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு மிச்சம் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்துவது மனுவைப் பெறும் அலுவலரின் துணிச்சலைப் பொறுத்தது. அந்தத் துணிச்சலை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2024 மார்ச்சில் லோகேஷ் பத்ரா தேர்தல் பத்திர விவரங்களைப் பாரத ஸ்டேட் வங்கியிடம் கேட்டார். தனிநபர் தகவல், நம்பிக்கை உறவு என்று ஏப்ரலில் வங்கி மறுத்தது. அதே விவரங்கள் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மார்ச் மாதமே தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கிடந்தன.